அண்ணாச்சியின் பட்டறை: இருபது டப்பாவில் எந்த மருந்து?

போன இதழில் கராஜ் மேசையை ஒழுங்குபடுத்துவது பற்றி எழுதும்போது, சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை நானே மறுபடி நிரப்பிக்கொள்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அமெரிக்காவில் இருபத்துச் சொச்சம் வருஷம் இருந்தும், நம்மாட்களில் ரீலோடிங் செய்கிறவர்கள் இத்தனை பேர் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குள் போடும் வெடிமருந்தைப் பற்றித்தான். எது நல்லது, எது மலிவு, எதில் 'பவர்' அதிகம். ஆகவே இந்த மாதம் பக்கம் முழுக்க மருந்துதான்.

எத்தனை கிரெயின் (மருந்தையும் குண்டையும் நிறுக்கும் சின்ன எடை) போட வேண்டும் என்று மட்டும் கேட்காதீர்கள். மருந்து தயாரிப்பவர்களே கையேடு போடுகிறார்கள். அதில் உங்கள் குண்டின் எடைக்கு நேரே தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவில் ஆரம்பியுங்கள். மாதப் பத்திரிகையில் அச்சுப்பிழை வரும். துப்பாக்கிக்கு அது தெரியாது.

அண்ணாச்சி, என்னிடம் 9 எம்.எம். பிஸ்டல் ஒன்றும் .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றும் இருக்கின்றன. கூட்டில் குண்டை அழுத்தும் பிரஸ், தராசு எல்லாம் வாங்கியாயிற்று. மருந்து வாங்கப் போனால் அலமாரியில் இருபது டப்பா. கடைக்காரர் ஒன்று சொல்கிறார், சுடப் போகும் ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் இன்னொன்று சொல்கிறார். ஒரே ஒரு டப்பா என்றால் எதை வாங்குவது? – வாசகர், கேட்டி, டெக்சஸ்

முதலில் உங்கள் .38 கூட்டையும் 9 எம்.எம். கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். .38 உயரமாக நிற்கும். அழுத்தம் தாங்குவதில் விஷயம் தலைகீழ். .38 ஸ்பெஷலுக்கு வரம்பு 17,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம் என்ற கணக்கு), குட்டையான 9 எம்.எம்.முக்கு 35,000. பெரிய கூட்டுக்குச் சின்ன வேலை. ஏன் என்றால், .38 ஸ்பெஷல் 1890-களின் கடைசியில் பிறந்தபோது கருமருந்துக்காக அளவெடுத்த கூடு அது. சுமார் 21 கிரெயின் கருமருந்து போட்டால் கூடு நிரம்பிவிடும். இப்போது நாம் போடும் புகையில்லா மருந்து, பல வகைகளில், நாலைந்து கிரெயின்தான். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி, உள்ளே அத்தனை வெற்றிடம்.

இந்த வெற்றிடம் எனக்கு ஒரு பாடம் எடுத்தது. 2011 என்று நினைவு. அப்போது நான் வைத்திருந்தது வேகமாக எரியும், மிகக் கொஞ்சம் போதுமான ஒரு மருந்து. பெயர் வேண்டாம், தப்பு அதனுடையது அல்ல. ஒரு பவுண்டில் ஏகப்பட்ட தோட்டா தேறும் என்றுதான் வாங்கினேன். ஐம்பது குழி போட்ட மரப்பலகையில் .38 கூடுகளை நிறுத்தி, ஒரு இழுப்புக்கு ஓர் அளவு மருந்து கொட்டும் பவுடர் மெஷரின் கைப்பிடியை ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை இழுத்துக்கொண்டே வந்தேன். எண்ணிக்கொண்டும் வந்தேன். நடுவில் ஊரிலிருந்து அம்மா போன். பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். ஐம்பது எண்ணி நிறுத்தினேன். கணக்கு சரி. குண்டை வைத்து அழுத்தி மூடிவிட்டேன்.

சனிக்கிழமை ரேஞ்சில் மூன்று சுட்டேன். நாலாவது 'டப்' என்றது, மழையில் நமுத்த ஓலைவெடி மாதிரி. சிவகாசிக்காரன் காதுக்கு அந்தச் சத்தம் புரியும். விரலை எடுத்துவிட்டேன். மருந்தே இல்லாத தோட்டா அது. கூட்டின் அடியில் நெருப்பு மூட்டும் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் தள்ளி, பாதி வழியில் விட்டிருந்தது. அடுத்ததைச் சுட்டிருந்தால் குழல் வீங்கியிருக்கும், இல்லையென்றால் பிளந்திருக்கும்.

பித்தளைக் கம்பியால் குண்டைத் தட்டி வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஐம்பது தடவை இழுத்தது உண்மை. ஒரு கூட்டில் மருந்து இல்லை என்றால் அதன் பங்கு எங்கே போனது? மீதி நாற்பத்தாறில் ஒன்றில் இரட்டை அளவு இருக்கிறது!

வீட்டுக்கு வந்து சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லட் புல்லரால் ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பிரித்தேன். முப்பத்தொன்றாவதில் அகப்பட்டது. இரண்டு மடங்கு மருந்து, அப்படியும் கூடு பாதிதான் நிரம்பியிருந்தது. மங்கின பல்பு வெளிச்சத்தில் மேலிருந்து பார்க்கும்போது எனக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமே இல்லை. போன் வந்தபோது நிரப்பிய அதே கூட்டை, திரும்பி வந்து இன்னொரு தடவை நிரப்பியிருக்கிறேன். கடைசிக் குழிக்காரனுக்கு இலை போட்டுச் சோறு போடவில்லை.

அன்றிலிருந்து என் வாங்கும் முறை மாறிவிட்டது. வேகம், விலை, புகை எல்லாம் இரண்டாம்பட்சம். நான் தூங்கிவழிந்து இரண்டு தடவை போட்டால் இந்த மருந்து என்னைக் காட்டிக்கொடுக்குமா? இதைத்தான் முதலில் பார்க்கிறேன். இடத்தை அடைத்துக்கொள்ளும் மருந்து காட்டிக்கொடுக்கும்.

உங்கள் இரண்டு துப்பாக்கிக்கும் சேர்த்து ஒரே டப்பா என்றால் அலையண்ட் யூனிக். 1900 வாக்கில் வந்த சரக்கு, இன்றும் கையேடுகளில் கைத்துப்பாக்கிப் பக்கம் அது இல்லாமல் இருக்காது. கையில் கொட்டிப் பார்த்தால் சின்னச் சின்ன வட்டச் செதில்கள், ஒட்டுப்பொட்டுத் தாளைப் பொடியாக வெட்டியது போல. 9 எம்.எம். கூட்டில் இரட்டை அளவு போனால் பெரும்பாலும் வழிந்து மேசையில் கொட்டிவிடும். .38-இல் வழியாவிட்டாலும் டார்ச் அடித்தால் மட்டம் ஏறியிருப்பது கண்ணில் படும். குறையும் உண்டு. செதில் என்பதால் பவுடர் மெஷரில் சீராக விழாது, சில சமயம் சிக்கிக்கொண்டு 'கரக்'கென்று வெட்டுப்படும். மெதுவான தோட்டாக்களில் கரி கொஞ்சம் அதிகம். ரிவால்வரைத் துடைக்க சோம்பல்படுகிறவர் என்றால் வின்செஸ்டர் 231 வாங்கிக்கொள்ளுங்கள். அது தட்டையாக்கிய உருண்டை, மணல் மாதிரி விழும், அளவு பிசகாது. ஆனால் யூனிக் அளவுக்கு இடத்தை அடைக்காது, டார்ச்சை மறக்கக் கூடாது.

வேகமாக எரியும் மருந்துதானே குண்டை வேகமாக அனுப்பும்? பிறகு ஏன் பலம் கூடிய மேக்னம் தோட்டாவுக்கு 'ஸ்லோ' பவுடர் போடச் சொல்கிறார்கள்? – வாசகி, நேப்பர்வில், இல்லினாய்

அடுப்பெரித்த வீட்டில் வளர்ந்தவரென்றால் உங்களுக்கே தெரிந்திருக்கும். பனையோலை குபீரென்று பற்றும், அடுப்பு முகத்தில் அறையும், தண்ணீர் கொதிப்பதற்குள் சாம்பல். புளிய விறகு மெல்லப் பிடிக்கும், உலை பொங்குகிற வரை நின்று எரியும்.

புல்ஸ்ஐ, டைட்குரூப், ரெட் டாட் எல்லாம் ஓலை. குண்டு இடத்தைவிட்டு நகர்ந்த கொஞ்ச தூரத்திலேயே அழுத்தம் உச்சிக்கு ஏறிவிடும். கூடும் குழலும் தாங்கும் வரம்பு அத்தோடு தீர்ந்தது, இனி கூட்டவும் முடியாது. எச்-110, 2400 எல்லாம் புளிய விறகு. குண்டு குழலுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். அதே உச்ச அழுத்தத்துக்குள் அதிக வேகம் கிடைப்பது இதனால்தான். .357 மேக்னத்தின் வரம்பும் 9 எம்.எம்.மைப் போல 35,000 பி.எஸ்.ஐ.தான். ஆனால் அதன் நீளக் கூட்டில் மெதுவான மருந்தை நிறையக் கொட்ட முடிகிறது. வித்தியாசம் அங்கே. நடுவில் 231, யூனிக். அவற்றைவிட மெதுவாக எச்.எஸ்.-6, அக்யுரேட் நம்பர் 7.

நீங்கள் காகித இலக்கில் ஓட்டை போடத்தான் சுடுகிறீர்கள் என்றால் ஓலை போதும். மருந்து கொஞ்சம், உதைப்பு மென்மை. இரண்டங்குலக் குழலில் மேக்னம் மருந்து போட்டால் மிச்சம் வெளியே வந்து எரியும். சாயங்கால ரேஞ்சில் பக்கத்துக்காரர் கார்த்திகை சொக்கப்பனை பார்க்கிற மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

ஒன்று சொல்ல வேண்டும். எரிவேகப் பட்டியல் என்று ஒரு தாளைச் சுவரில் ஒட்டிவைத்திருப்பார்கள். அது ரேங்க் பட்டியல் மட்டும்தான். முதல் ரேங்குக்கும் இரண்டாம் ரேங்குக்கும் எத்தனை மார்க் வித்தியாசம் என்று அதில் இராது. ஒவ்வொரு பட்டியலிலும் வரிசையும் கொஞ்சம் மாறும். பக்கத்து வரியில் இருக்கிறதே என்று ஒரு மருந்தின் அளவை இன்னொன்றுக்குப் போடுகிறவரிடம் நான் துப்பாக்கி இரவல் வாங்க மாட்டேன்.

.357-க்கு எச்-110 நாலு பவுண்டு மலிவாகக் கிடைத்தது. மனைவியும் சுட வருவதால் உதைப்பைக் குறைக்க, பாதி அளவு போட்டால் போதுமா அண்ணாச்சி? – வாசகர், ஃபீனிக்ஸ்

கூடவே கூடாது!

அதிகம் போட்டால்தான் ஆபத்து என்று எல்லாருக்கும் தெரியும். குறைத்தாலும் ஆபத்து என்பது இந்த மருந்தின் குணம். உருண்டை மணி, கறுப்புக் கசகசா மாதிரி இருக்கும். நெருப்பு பிடிக்கச் சண்டித்தனம் செய்யும். கூடு கிட்டத்தட்ட நிறைந்து, குண்டு நன்றாகக் கவ்வி, மேக்னம் பிரைமர் இருந்தால்தான் ஒழுங்காக எரியும். கையேட்டு அளவிலிருந்து 3 சதவீதத்துக்கு மேல் குறைக்காதே என்று ஹாட்ஜ்டன் நிறுவனமே அச்சடித்துச் சொல்கிறது. மற்ற மருந்துகளுக்குப் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கு என்கிறவர்கள் இதற்கு மட்டும் 3 என்கிறார்கள் என்றால் சும்மா இல்லை. பாதி போட்டால் குண்டு குழலுக்குள் உட்கார்ந்துகொள்ளும். என் 'டப்' கதை மேலே இருக்கிறது.

வீட்டம்மாவுக்கு உங்கள் .357-இலேயே .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுக்கொடுங்கள், அதே துப்பாக்கியில் போகும். ஈயக் குண்டு என்றால் டிரெயில் பாஸ் என்று ஒரு மருந்து உண்டு, பழைய கௌபாய்ப் போட்டிக்காரர்களுக்காக வந்தது. ஒவ்வொரு மணியும் நடுவில் ஓட்டையோடு இருக்கும், பொம்மை வீட்டுக்குச் சுட்ட மெதுவடை. அந்த ஓட்டையால்தான் கொஞ்சமே போட்டும் கூடு நிரம்புகிறது. மென்மையான தோட்டாவுக்கு என் முதல் ஓட்டு அதற்கு. கடையில் கண்ணில் படுவதுதான் அபூர்வமாகிவிட்டது.

231-உம் எச்.பி.-38-உம் ஒரே மருந்து என்கிறார்களே? – வாசகர், சான் ஹோசே

ஒன்றுதான். வின்செஸ்டர் பெயரில் வரும் மருந்தையும் ஹாட்ஜ்டன்தான் விற்கிறார்கள். 296-உம் எச்-110-உம்கூட அப்படியே. எது மலிவோ அதை வாங்குங்கள். ஆனால் பெயர் மயக்கத்தில் எச்.பி.-38-க்குப் பதில் எச்-380-ஐத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். அது ரைஃபிள் மருந்து.

மலிவு மலிவு என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிஜமாகவே பணம் மிச்சமாகிறதா? – வாசகி, ராலே

ஒரு பவுண்டு 7,000 கிரெயின். தோட்டாவுக்கு 4 கிரெயின் போனால் 1,750 தோட்டா, 5 போனால் 1,400. டப்பா 40 டாலர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோட்டாவுக்கு மருந்துச் செலவு இரண்டு காசுக்கும் மூன்று காசுக்கும் நடுவில். 4 கிரெயின் மருந்தா 5 கிரெயின் மருந்தா என்று மண்டையை உடைத்துக்கொண்டால் மிச்சமாவது அரைக் காசுக்கும் சற்று மேல். அந்த அரைக் காசுக்காகத்தான் நான் 2011-இல் அந்தச் சிக்கன மருந்தை வாங்கினேன். செலவு குண்டிலும் பிரைமரிலும் இருக்கிறது, சிக்கனத்தை அங்கே காட்டுங்கள். மொத்தத்தில் பணம் மிச்சமா என்றால், மிச்சமாகும் பணத்துக்கு இன்னும் அதிகம் சுடுவோம். என் வீட்டுக்காரி இந்தக் கணக்கை எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள்.

யு.எஸ்.பி.எஸ்.ஏ. என்ற துப்பாக்கி சுடும் சங்கத்தின் போட்டிக்கு 9 எம்.எம். தயார் செய்கிறேன். பவர் ஃபாக்டர் தாண்ட வேண்டும், உதைப்பும் குறைய வேண்டும். – மாணவர், அட்லாண்டா

தம்பி, பவர் ஃபாக்டர் மைனர் பிரிவுக்குக் குறைந்தது 125. குண்டின் எடையைக் கிரெயினிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கும் கணக்கு. 124 கிரெயின் குண்டு 1,050 அடியில் போனால் 130. 147 கிரெயின் குண்டு 890-இல் போனாலே 130.8 வந்துவிடும். கனமான குண்டு, வேகமான மருந்து, அதுதான் போட்டிக்காரர்கள் வழி. பின்லாந்துச் சரக்கான வீத்தாவோரி என்-320-ஐக் கோயில் பிரசாதம் மாதிரி பேசுவார்கள். நல்ல மருந்துதான், விலை கையைக் கடிக்கும். மருந்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு முழுக்கப் பின்னால் வராமல் காலிக் கூட்டைக் கவ்விக்கொண்டு நிற்கும், அங்கே நிறுத்திக்கொள். குண்டின் வேகத்தைக் குரோனோகிராஃபில் அளக்காமல் போட்டிக்குப் போகாதே.

என் வீட்டுக்காரர் இந்த மருந்தைக் கராஜில் வைத்திருக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். எனக்கு ராத்தூக்கமே இல்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பார். – வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

அம்மா, உங்கள் பயம் நியாயமானது, ஆனால் பயப்படுவதைச் சரியான இடத்தில் பயப்படுவோம். என் அப்பா சிவகாசியில் பட்டாசு ஆலையில் போர்மேன். மருந்து ஷெட்டுக்குள் இரும்புச் சாமான் போகாது, செருப்புப் போகாது, இத்தனை பேருக்கு மேல் ஆள் போகக் கூடாது. ஒரு பொறி போதும், திறந்த தட்டில் இருந்தாலும் கருமருந்து வாரிக்கொண்டு போய்விடும். உங்கள் வீட்டுக்காரர் வைத்திருக்கும் புகையில்லா மருந்து வேறு சாதி. 1884-இல் பிரெஞ்சுக்காரர் பால் வியேல் கொண்டுவந்தது அதன் முதல் வடிவம். பஞ்சையோ மரக்கூழையோ அமிலத்தில் ஊறவைத்துச் செய்கிற நைட்ரோசெல்லுலோஸ்தான் அதில் மூலம். திறந்த வெளியில் 'ஸ்ஸ்'என்று சீறி எரியும், வெடிக்காது. அடைத்து வைத்தால்தான் குணம் மாறும். அதனால் இரும்புப் பெட்டிக்குள், துப்பாக்கி சேஃபுக்குள் வைத்து இறுக்கிப் பூட்டுவது பத்திரம் இல்லை, அதுதான் ஆபத்து. தீப்பிடித்தால் சேஃபே குண்டாகிவிடும். மர அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். வாட்டர் ஹீட்டர் பக்கத்தில் கூடாது. டெக்சஸ், நியூ ஜெர்சி வெயிலில் கார் டிக்கியில் கூடாது. தீயணைப்பு விதிகளின்படி வீட்டில் 20 பவுண்டு வரை, வந்த டப்பாவிலேயே வைக்கலாம். உங்கள் ஊர் விதி இன்னும் கடுமையாக இருக்கலாம், தீயணைப்பு நிலையத்தில் கேளுங்கள்.

'வந்த டப்பாவிலேயே' என்பதை அவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தூக்கிப்போட மனம் வராத சாதி நாம். மிளகாய்ப்பொடி, ஆணி, திருகு எல்லாம் அதில்தான். மருந்து மட்டும் அதில் போகக் கூடாது. லேபிள் இல்லாத கறுப்புப் பொடி என்ன மருந்து என்று உலகத்தில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. மேசையில் எப்போதும் ஒரே டப்பாதான் இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மெஷரில் மிச்சம் இருப்பது திரும்ப அதே டப்பாவுக்கு. மாதம் ஒரு தடவை மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஈதர் மாதிரி லேசான வாசனை என்றால் நல்ல மருந்து. மூக்கைக் குத்தும் அமில நெடியோ, துருப்பொடி மாதிரி செம்பழுப்போ தெரிந்தால் கெட்டுவிட்டது, அதை வைத்திருக்கக் கூடாது.

பிள்ளைகள் விஷயத்தில் மருந்தைவிட எனக்குக் கவலை ஈயம். அவர் ரேஞ்சிலிருந்து வந்ததும் கை கழுவாமல், சட்டை மாற்றாமல் பிள்ளையைத் தூக்க விடாதீர்கள். காலிக் கூடு துலக்கும் தூசி கிளம்பும் இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது.

நான் மதுரையில் ரைஃபிள் கிளப் உறுப்பினர். இங்கே ரீலோடிங் செய்யலாமா? அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அண்ணாச்சி ஒரு டப்பா மருந்து கொண்டுவர முடியுமா? – வாசகர், மதுரை

இரண்டுக்கும் முடியாது என்பதுதான் பதில். 1959 ஆயுதச் சட்டத்தில் தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமம் அதற்குச் செல்லாது. இங்கே அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசு உரிமம் கேட்பதில்லை, விற்றால்தான் கேட்கும். மருந்து டப்பாவை விமானத்தில் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் முடியாது.

இதைப் படிக்கும் அமெரிக்க வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்குப் போகும் பையாக ஆக்காதீர்கள். அடிமடிப்பில் கிடந்த ஒரே ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொண்டு, விமானத்தை விட்டு, வக்கீல் தேடியவர்கள் உண்டு.

மதுரைக்காரருக்கு என்னால் தர முடிந்தது ஒரு ரயில் பயணம். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலில் ஏறி, வெலிங்டன் தாண்டியதும் அரவங்காடு ஸ்டேஷன் வரும். பக்கத்தில் தெரிவது கார்டைட் ஃபேக்டரி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வெள்ளைக்காரன் அங்கே புகையில்லா மருந்து செய்ய ஆரம்பித்துவிட்டான். கார்டைட் சேமியா மாதிரி நூல் நூலாக இருக்கும், கயிறைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்துதான் அந்தப் பெயரே. சின்ன வயதில் அந்த வழியாகப் போகும்போது அப்பா ஜன்னல் பக்கம் கைகாட்டி, "நம்ம மருந்துக்குப் பெரியண்ணன்" என்றார்.

கடைசியாக ஒன்று. இப்போது உங்கள் மேசையில் எந்த டப்பா? – வாசகர், டாலஸ்

யூனிக். முக்கால் டப்பா இருக்கிறது, மூடியில் திறந்த தேதி. பலகைக்குப் பக்கத்தில் கழுத்து வளையும் டார்ச் ஒன்று, ஐம்பது கூட்டுக்குள்ளும் அதை அடித்துப் பார்த்த பிறகுதான் முதல் குண்டை எடுப்பேன். ஜன்னல் திட்டில் மார்க்கரால் 31 என்று எழுதிய ஒரு காலிக் கூடு. போன் வீட்டுக்குள், அடுக்களையில்.